விண்டோஸ் வந்துவிட்டால் போதுமா? ரேம் ஓவர்கிளாக்கும் அதைச் சோதிக்கும் விதமும்

சித்தப்பா மகன் ஒருநாள் போனில் கூப்பிட்டான். "அண்ணே, ஜிப் ஃபைலெல்லாம் பாதி திறக்கவே மாட்டேங்குது. ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு நினைக்கிறேன்."

டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. ஆறு மாதம் முன்பு ஏதோ வீடியோவைப் பார்த்து ரேமின் வேகத்தை 3200-இலிருந்து 3800-க்கு ஏற்றியிருக்கிறான். கம்ப்யூட்டர் ஆன் ஆனது, விண்டோஸ் வந்தது, கேம் ஓடியது. அத்தோடு அதை மறந்தே போய்விட்டான். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ என்ற மெமரிச் சோதனை மென்பொருளை ஏற்றி ஓடவிட்டோம். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. டீ போட்டு எடுத்து வருவதற்குள் சிவப்பாக ஒரு வரி வந்திருந்தது. இருக்க வேண்டியது 00000000, இருந்தது 00000400. முப்பத்திரண்டு பிட்டில் ஒரே ஒரு பிட், யாரும் சொல்லாமலே 0-இலிருந்து 1 ஆகியிருந்தது.

ரேம் ஓவர்கிளாக்கில், அதாவது ரேமைத் தர வேகத்துக்கு மேல் ஓட்டுவதில், சிக்கலே இதுதான். பிராசஸரை அளவுக்கு மீறி ஏற்றினால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் அங்கேயே விழுந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டை ஏற்றினால் திரையில் புள்ளி புள்ளியாக வரும். மெமரி மட்டும் வாய் திறக்காமல் தப்பாகச் சொல்லும். அந்தத் தப்பு ஒரு புகைப்படத்துக்குள் போய் உட்காரலாம், எக்செல் கணக்கில் உட்காரலாம், யாருமே படிக்காத ஒரு மூலையிலும் உட்காரலாம். அதனால் ஏற்றுவதைப் பற்றிச் சொல்வதற்கு நிகராகச் சோதிப்பதைப் பற்றியும் இங்கே சொல்லப்போகிறேன்.

ஓட்டைக் குடமும் பதிவேட்டு அறையும்

முதலில் ரேம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) தெரியும் எண்களுக்கு அப்போதுதான் பொருள் புரியும்.

ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். அவ்வளவுதான் ஒரு செல். ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டின் யோசனை இது. 1968-ல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய ரேம் தலைமுறையான டிடிஆர்5 வரை அடிப்படை மாறவில்லை. ஒரு 8 ஜிபி ஸ்டிக்கில் இப்படி 6,871 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் இருக்கின்றன. கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

ஆனால் அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம். நிரப்பி வைத்தாலும் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டிடிஆர்4-ல் ஒவ்வொரு செல்லையும் 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். ரெஃப்ரெஷ் என்பது இதுதான். 64 மில்லி நொடியை 8,192 பங்காகப் பிரித்து, 7.8 மைக்ரோ நொடிக்கு ஒரு ரெஃப்ரெஷ் கட்டளை போகும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். சிப் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்று தரநிர்ணயமே சொல்கிறது. இந்தச் சூட்டு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

செல்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு செல்லை மட்டும் தனியே எட்டிப் பார்க்க முடியாது. பழைய சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவேட்டு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் அலமாரி முழுக்க இருக்கும். ஒரு பத்திரம் வேண்டுமென்றால் அது இருக்கும் மூட்டையை இறக்கி, மேசையில் வைத்து அவிழ்த்து, பிறகுதான் பக்கத்தைத் தேட முடியும். மேசையில் ஒரு மூட்டைக்குத்தான் இடம். அடுத்த மூட்டை வேண்டுமானால் இதைக் கட்டி மேலே ஏற்றியாக வேண்டும்.

ரேம் பெட்டியின் மேல் 16-18-18-36 என்று அச்சடித்திருப்பார்களே, அது இந்த வேலைகளுக்கான நேரக் கணக்கு, அதாவது டைமிங். முதல் 16 சிஎல். மேசைமேல் விரித்துக் கிடக்கும் மூட்டையில் பக்கத்தைக் கேட்டதிலிருந்து பதில் வரும்வரை ஆகும் நேரம். இரண்டாவது டிஆர்சிடி, மூட்டையை இறக்கி அவிழ்க்கும் நேரம். மூன்றாவது டிஆர்பி, கட்டித் திரும்ப வைத்து மேசையைக் காலி செய்யும் நேரம். நான்காவது டிஆர்ஏஎஸ், ஒரு மூட்டை குறைந்தது இவ்வளவு நேரமாவது மேசைமேல் இருந்தாக வேண்டும் என்ற கணக்கு.

அந்த நான்காவது எதற்கு என்று தோன்றும். இந்த அலுவலகத்தில் ஒரு விசித்திரம்: மூட்டையை இறக்கும்போதே காகிதத்தில் இருக்கும் மை அழிந்துவிடும். செல்லைப் படித்தால் அதிலிருக்கும் மின்னூட்டம் வடிந்துபோகும். மேசையில் இருக்கும் எழுத்தர் படித்ததைத் திரும்ப அதே காகிதத்தில் எழுதி முடிக்கும்வரை மூட்டையைக் கட்டக்கூடாது. அவசரப்பட்டுக் கட்டினால் அரைகுறையாக எழுதியதுதான் மேலே போகும். டைமிங்கை மிகவும் இறுக்கினால், அதாவது இந்த எண்களை மிகவும் குறைத்தால், ஏன் பிழை வருகிறது என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

மெகாஹெர்ட்ஸ் பெரிதா, சிஎல் சிறிதா?

டிடிஆர் என்றால் ஒரு கிளாக் துடிப்பில் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என இரண்டு தடவை தரவை அனுப்புவது. அதனால் டிடிஆர்4-3200 உண்மையில் 1600 மெகாஹெர்ட்ஸில்தான் துடிக்கிறது. 3200 என்பது நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு போகிறது என்ற கணக்கு. சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 1600 என்று பார்த்துவிட்டு, கடைக்காரர் பாதி வேக ரேமைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். போகவேண்டாம். எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

டைமிங் எண்கள் நொடிக்கணக்கு அல்ல, துடிப்புக் கணக்கு. வேகம் ஏறினால் ஒரு துடிப்பின் நீளம் குறையும். ஆகவே சிஎல்18 என்பது சிஎல்16-ஐ விட மெதுவானது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். 3200 சிஎல்16 என்றால் 10 நானோ நொடி. 3600 சிஎல்18 என்றாலும் 10. டிடிஆர்5-ல் பலரும் வாங்கும் 6000 சிஎல்30? அதுவும் 10.

இன்னும் வேடிக்கை, 2003 வாக்கில் ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்கிய முதல் தலைமுறை டிடிஆர்-400 சிஎல்2-க்குக் கணக்குப் போட்டாலும் 10 நானோ நொடிதான் வரும். இருபது வருடத்தில் மூட்டையிலிருந்து பக்கம் எடுத்துக் கொடுக்கும் நேரம் அசையவே இல்லை. மாறியதெல்லாம் எடுத்த காகிதங்களை வெளியே அள்ளிக் கொண்டுபோகும் சாலையின் அகலம். டிடிஆர்4-3200-ன் ஒரு சேனல் (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே ஒரு சாலை) நொடிக்கு 25.6 ஜிகாபைட் அள்ளும், இரண்டு சேனல் 51.2. டிடிஆர்-400-ன் ஒரு சேனல் 3.2 ஜிகாபைட்தான் அள்ளியது.

பெட்டியில் இருப்பதே ஓவர்கிளாக்

ஜெடெக் என்ற அமைப்புதான் மெமரிக்குத் தரம் வகுக்கிறது. டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட், 2020-ல் வந்த டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட் என்பதெல்லாம் அவர்கள் வைத்த கணக்கு. ஸ்டிக்கின் மேல் எஸ்பிடி என்று ஒரு குட்டி சிப் உண்டு. அதில் இந்தத் தர வேகங்கள் எழுதப்பட்டிருக்கும். மதர்போர்டு முதன்முதலில் ஆன் ஆகும்போது அதைத்தான் படிக்கும்.

3600 என்று பெட்டியில் போட்ட டிடிஆர்4 கிட்டை (ஒரே பெட்டியில் சேர்த்து விற்கும் ஸ்டிக்குகளை) வாங்கி மாட்டினால் அது 2133-லோ 2400-லோ 2666-லோதான் ஓடத் தொடங்கும். டிடிஆர்4-க்கு ஜெடெக் வகுத்த உச்சமே 3200. அதற்கு மேற்பட்டதெல்லாம் ரேம் தயாரித்தவர் தானே சோதித்து, அதே எஸ்பிடி சிப்பில் தனிப் பட்டியலாக எழுதி வைத்தது. இன்டெல் 2007-ல் கொண்டுவந்த அந்தப் பட்டியல் முறைக்கு எக்ஸ்எம்பி என்று பெயர். ஏஎம்டி 2022-ல் டிடிஆர்5-க்காகக் கொண்டுவந்தது எக்ஸ்போ. பயாஸில் போய் அதை ஆன் செய்தால்தான் 3600-ம் அதற்குரிய 1.35 வோல்ட்டும் அமலுக்கு வரும். எத்தனையோ பேர் காசு கொடுத்து வேகமான ரேம் வாங்கி, இந்த ஒரு கிளிக்கைச் செய்யாமல் மூன்று வருடம் 2133-ல் ஓட்டுகிறார்கள். இதை நிறுத்திவிட்டு இப்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கிப் பாருங்கள். ஸ்பீடு என்ற இடத்தில் பெட்டியில் இருக்கும் எண் இருக்கிறதா?

எக்ஸ்எம்பி ஆன் செய்வதே ஓவர்கிளாக்தான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. ரேம் தயாரித்தவர் ஸ்டிக்குக்கு மட்டும்தான் உத்தரவாதம் தருகிறார். ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இருப்பதோ பிராசஸருக்குள். ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ உச்சம் 3200. அதற்கு மேல் ஓடினால் அது உங்கள் பிராசஸர் செய்த புண்ணியம். ஒரே மாடல் பிராசஸர் இரண்டில் ஒன்று 3800-ஐ அனாயாசமாக ஓட்டும், இன்னொன்று 3600-லேயே முரண்டு பிடிக்கும். ஆகவே வேறெதையும் தொடாமல் எக்ஸ்எம்பி மட்டும் ஆன் செய்தவரும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது

முதல் சோதனை ஓவர்கிளாக் செய்யும் முன்பே. ரேம் வாங்கி மாட்டிய அன்றே, எக்ஸ்எம்பி ஆன் செய்யாமல் ஒருமுறை ஓடவிடுங்கள். இதில் பிழை வந்தால் ஸ்டிக் பழுது அல்லது ஸ்லாட் பழுது, கடையில் மாற்றிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் நேரே ஏற்றிவிட்டால், பின்னால் வரும் பிழைக்குக் காரணம் பொருளா நீங்களா என்று தெரியாது.

இதற்கு பென் டிரைவிலிருந்து ஓடும் மெம்டெஸ்ட் போதும். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு உண்டு. மெம்டெஸ்ட்86 பாஸ்மார்க் நிறுவனத்துடையது; இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும். மெம்டெஸ்ட்86+ திறந்த மூலம், நிறுத்தும்வரை ஓடும். விண்டோஸ் இல்லாமலே ஓடுவதால் கிட்டத்தட்ட முழு மெமரியையும் தொட முடிகிறது என்பதுதான் இவற்றின் பெரிய பலம். விண்டோஸ் ஓடும்போது அது உட்கார்ந்திருக்கும் இடத்தை எந்தச் சோதனையும் தொட முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது? எழுதுவது, படிப்பது, ஒப்பிடுவது. ஆனால் எதை, எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். எல்லாம் 0 எழுதிப் படித்தால் நன்றாக இருக்கும் செல், பக்கத்துச் செல்கள் எல்லாம் 1 ஆக இருக்கும்போது தடுமாறலாம். அதனால் ஒரு சோதனை முழு மெமரியிலும் ஒரு வடிவத்தை எழுதும். பிறகு கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்து அதை அப்படியே தலைகீழாக்கி எழுதும். அப்புறம் மேலிருந்து கீழே அதையே செய்யும். இன்னொன்று, எழுதிவிட்டுச் சில நிமிடம் சும்மா இருக்கும். ஓட்டைக் குடம் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க. மெம்டெஸ்ட்86-ல் இருக்கும் ஹேமர் சோதனை வேறு வகை. ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் பக்கத்து வரிசையில் பிட் கவிழும் என்று 2014-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சோதித்த 129 டிடிஆர்3 ஸ்டிக்குகளில் 110-ல் கவிழ்ந்தது, அதுவும் ஓவர்கிளாக் செய்யாத ஸ்டிக்குகளில். ஆகவே ஹேமர் சோதனையில் மட்டும் பிழை வந்தால் உடனே ஓவர்கிளாக்கின் மேல் பழி போட வேண்டாம். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு அதே சோதனையை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் மெம்டெஸ்ட் பழுதான ஸ்டிக்கைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன், விளிம்பில் நிற்கும் ஓவர்கிளாக்கைப் பிடிப்பதில் கொஞ்சம் மெத்தனம் என்பது என் கருத்து. அது ஓடும்போது பிராசஸருக்குப் பெரிய சுமை இல்லை, கிராஃபிக்ஸ் கார்டோ ஏறக்குறைய ஓய்வில் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் அப்படியில்லை. அதனால் மெம்டெஸ்டில் தேறியதும் விண்டோஸுக்குள் போய் டெஸ்ட்மெம்5 ஓட்டுகிறேன். இதற்கு ஒரு கட்டமைப்புக் கோப்பு கொடுக்க வேண்டும். கூடவே வருவது சாதுவானது, ஆர்வலர்கள் எழுதிய கடினமான கோப்புகளைத் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். காசு கொடுக்கத் தயாராக இருந்தால் கர்ஹு ரேம் டெஸ்ட் இன்னும் வேகமாகப் பிழையைப் பிடிக்கும். கடைசியாக, கன்ட்ரோலரையும் சேர்த்து வாட்டுவதற்கு பிரைம்95-ன் லார்ஜ் எஃப்எஃப்டி அல்லது ஒய்-க்ரஞ்சர்.

எத்தனை பிழை வரை பரவாயில்லை என்று கேட்பார்கள். பூஜ்யம். ஆறு மணி நேரத்தில் ஒரு பிழை என்றாலும் தோல்விதான். சர்வர்களில் ஈசிசி மெமரி இருக்கும். ஒரு பிட் தவறினால் திருத்தும், திருத்தியதைக் குறித்தும் வைக்கும். அப்படி கூகுள் தன் சர்வர்களில் எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகளில் குறைந்தது ஒரு பிழையாவது வந்திருந்தது. யாரும் ஏற்றாத, சாதாரண வேக ஸ்டிக்குகள் அவை. நம் வீட்டு மெஷினில் எண்ணுவதற்கு ஆளில்லை. டிடிஆர்5-ல் சிப்புக்குள்ளேயே ஈசிசி இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அது செல்லில் வரும் பிழையைத்தான் திருத்தும். ஸ்டிக்கிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நடப்பது அதற்குத் தெரியாது. ஓவர்கிளாக்கில் பாதிச் சண்டை அந்த வழியில்தான் நடக்கிறது.

ஏற்றும் வேலை

தம்பியின் மெஷினையே எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 5600, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக், பெட்டியில் 3200 சிஎல்16. உள்ளே இருந்தது மைக்ரானின் ஈ-டை என்று பெயர் பெற்ற சிப். பிராண்டு பெயர் வெளியே ஆயிரம் இருக்கும், ஆனால் உள்ளே சிப் செய்பவர்கள் முக்கியமாக மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். டிடிஆர்4 காலத்தில் சாம்சங்கின் பி-டைக்கு இருந்த மவுசு தனி; வோல்ட்டேஜ் ஏற்ற ஏற்ற டைமிங்கை இறுக்க விட்டுக்கொடுக்கும். ஈ-டை வேகமாக ஓடும், ஆனால் இரண்டாவது எண்ணான டிஆர்சிடியில் இறங்கிவரவே மறுக்கும். என்ன சிப் என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்தவர் எண்களைக் காப்பியடிப்பது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது மாதிரி.

முதலில் ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டு கையேட்டில் ஏ2, பி2 என்று போட்டிருக்கும். தம்பி முதல் இரண்டில் மாட்டி ஒரே சேனலில் ஓட்டிக்கொண்டிருந்தான். பாதி அகலச் சாலையை வைத்துக்கொண்டு வண்டியின் வேகத்தைக் கூட்டப் பார்த்திருக்கிறான்! நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் கன்ட்ரோலருக்குச் சுமை கூடி வேகம் குறையும். இன்னொன்று: வேறு வேறு நாளில் வாங்கிய இரண்டு கிட்டைச் சேர்த்துப் போட்டு ஓவர்கிளாக் செய்யப் புறப்படாதீர்கள். ஜோடிப் பொருத்தம் பார்த்துக் கிட்டாக விற்பதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்து வேகம். முதலில் டைமிங்கைத் தளர்த்திவிட்டு வேகத்தை மட்டும் தேட வேண்டும். 18-22-22-42 என்று விட்டு, வோல்ட்டேஜை 1.40-க்குக் கொண்டுபோய், 3600 வைத்தோம். ஏன் 3600? ரைசன் 3000, 5000 வரிசைகளில் பிராசஸரின் உள்ளே துண்டுகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் கிளாக்கும் மெமரி கிளாக்கும் ஒன்றுக்கொன்றாக ஓடினால்தான் லாபம். 3600 என்றால் இரண்டும் 1800. அதற்கு மேல் 1900 வரை சில சிப்புகள் போகும். அங்கேதான் தம்பி மாட்டிக்கொண்டது. இரண்டும் பிரிந்து ஓடினால் மெமரி எண் பெரிதாகத் தெரியும், தாமதமோ கூடிப்போகும். இன்டெல்லில் கியர் 1, கியர் 2 என்று வருவதும் ஏறக்குறைய இதே மாதிரிச் சங்கதிதான்; அங்கே மெமரி கிளாக்குக்கும் கன்ட்ரோலர் கிளாக்குக்கும் உள்ள விகிதம்.

வோல்ட்டேஜ் பற்றி என் கணக்கு: அன்றாடம் ஓட்டும் டிடிஆர்4-க்கு 1.45 வரை எனக்குப் பயமில்லை, அதற்கு மேல் நல்ல காற்றோட்டம் இருந்தால் பார்க்கலாம். எஸ்ஓசி வோல்ட்டேஜ் என்பது வேறு, அது பிராசஸருக்குள் போவது. அதை விளையாட்டாக ஏற்றவே கூடாது. 2023-ல் ரைசன் 7000 பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகிப் போனதும் ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று பயாஸ் வழியாகவே உச்சவரம்பு போட்டது. எக்ஸ்போவை ஆன் செய்ததும் போர்டு தானாக எவ்வளவு வைத்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டியது அதனால்தான்.

ஆன் ஆகவில்லையா? பதற வேண்டாம். போர்டு இரண்டு மூன்று தடவை தானே அணைந்து அணைந்து முயலும். டிரேம் என்று எழுதிய விளக்கு எரியும். பிறகு பழைய வேகத்துக்குத் திரும்பும். அப்படியே நின்றுவிட்டால் பவர் வயரைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் நாணய பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ஆன் ஆகப் பல நிமிடம் கூட எடுத்துக்கொள்ளும். ஸ்டிக்கோடு பேசிப் பழகும் அந்தப் பயிற்சி முடியும்வரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையில்லாமல் பவர் பட்டனை அமுக்கி, ரேம் செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்களில் நானும் ஒருவன்.

3600 ஆன் ஆனதும் ஒரு மணி நேரம் டெஸ்ட்மெம்5. பிழையில்லை. இப்போதுதான் இறுக்கும் வேலை. ஒரு சமயத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, சிறு சோதனை, அடுத்த எண். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க நாலு மடங்கு நேரம் போகும். சிஎல்லை 18-இலிருந்து 16 ஆக்கினோம், தேறியது. தம்பி உற்சாகத்தில் 15 போட்டான். ஆன் ஆனது, பிழையும் இல்லை! உண்மையில் ஓடும் டைமிங்கைக் காட்டும் சென்டைமிங்ஸ் மென்பொருளில் பார்த்தால் 16 என்றே இருந்தது. பயாஸில் இருக்கும் கியர்டவுன் மோடு என்ற மெமரி அமைப்பு ஆனில் இருந்தால் ஒற்றைப்படை சிஎல்லைப் போர்டு சத்தமில்லாமல் அடுத்த இரட்டைப்படைக்கு ஏற்றிவிடும். போட்ட எண்ணை நம்பாமல் ஓடும் எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அமையாது.

நான்கு பெரிய எண்களை விட எனக்குப் பிடித்தது டிஆர்எஃப்சி. ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்ய ஆகும் நேரம் அது. அந்த நேரம் முழுக்கப் பதிவேட்டு அறைக்கு இழுத்துப் பூட்டு. 8 ஜிகாபிட் சிப்புக்குத் தர அளவு 350 நானோ நொடி, 7.8 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை வருவதால், மெமரி தன் நேரத்தில் ஏறக்குறைய 4.5 சதவீதத்தைக் குடம் நிரப்புவதிலேயே கழிக்கிறது. 3600-ல் 350 நானோ நொடி என்பது 630 துடிப்பு. அதை 540-க்கு இறக்கினோம், அதாவது 300 நானோ நொடி. நல்ல பி-டையாக இருந்தால் 160 நானோ நொடி பக்கம் கூடப் போகலாம்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும் என்று கேட்டால், ஆளைப் பொறுத்தது. 2133-ல் ஓடிக்கொண்டிருந்தவர் எக்ஸ்எம்பி ஆன் செய்தால் நன்றாகவே தெரியும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸை நம்பியிருப்பவருக்கு இன்னும் அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அது இந்த ரேமைத்தான் தன் வீடியோ மெமரியாகவும் பயன்படுத்துகிறது. எக்ஸ்எம்பியிலிருந்து கையால் இறுக்கும் இந்த இரண்டாவது படி அப்படியில்லை. கிராஃபிக்ஸ் கார்டே திணறிக்கொண்டிருக்கும் கேமில் ஒன்றும் மாறாது. பொழுதுபோக்காகப் பிடித்திருந்தால் செய்யலாம். அலுவலக வேலையும் குடும்பப் படங்களும் அந்த ஒரே மெஷினில்தான் என்றால் எக்ஸ்எம்பி, ஓர் இரவுச் சோதனை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

சித்திரை வெயில்

540 வைத்து இரவு பத்து மணிக்கு ஓடவிட்ட சோதனை காலை ஆறு மணி வரை ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. அது மார்கழி. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

மே மாதம் ஒரு மத்தியானம் தம்பி மறுபடி கூப்பிட்டான். ஒரு மணி நேரம் கேம் ஆடியதும் நீலத் திரை, மெமரி மேனேஜ்மென்ட் என்று பிழைச் செய்தி. சூட்டில் கசிவு கூடும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? மார்கழி இரவுக்கும் மே மத்தியானத்துக்கும் அறைச் சூட்டிலேயே பதினைந்து டிகிரி வித்தியாசம். போதாததற்கு ரேமுக்குக் கீழே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு தன் சூட்டையெல்லாம் மேலே ஊதுகிறது. டெஸ்ட்மெம்5 தனியாக ஓடும்போது அது சும்மா இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. டிஆர்எஃப்சியை இறுக்கிய மெமரி சூட்டுக்கு ரோஷக்காரன். அந்த அறையிலேயே, மத்தியானம் இரண்டு மணிக்கு, ஃபர்மார்க்கில் கிராஃபிக்ஸ் கார்டை வாட்டிக்கொண்டே டெஸ்ட்மெம்5 ஓட்டினோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் பிழை.

டிஆர்எஃப்சியை 580-க்குத் தளர்த்தி, கேபினட்டின் முன்பக்கம் தூசி அடைத்துக்கிடந்த ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினோம். அதே வெயில், அதே சோதனை, மூன்று மணி நேரம். பூஜ்யம். கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் தம்பி பழைய வரியை அடித்துவிட்டு எழுதினான்: 3600, 16-20-20-38, 1.40 வோல்ட், டிஆர்எஃப்சி 580, மே மத்தியானம், ஏசி இல்லாமல்.